நெடுந்தொலைவு டிரையத்லானுக்கு ஒரே உடையா, மாற்றுடையா?

கேள்வி இது: குறுந்தொலைவு டிரையத்லான்களை ஒரே டிரை சூட்டில், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் அணியும் இறுக்கமான உடையில், முடித்துப் பழகிய ஒருவர், முதன்முறையாக 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் கொண்ட முழுத்தொலைவுப் போட்டிக்குப் பதிவு செய்திருக்கிறார். நீண்ட பயிற்சிகளில் உள்தொடையும் தொடையிடுக்கும் புண்ணாகின்றன. அதே டிரை சூட் போதுமா, ஒவ்வொரு கட்டத்திலும் உடை மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

போட்டியை முடிக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று நீங்கள் கணக்கிட்டால், மாற்றுங்கள். நீச்சல் முடிந்ததும் முழுமையான சைக்கிள் உடை, சைக்கிள் முடிந்ததும் முழுமையான ஓட்ட உடை. இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. 14 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் அது 840 நிமிடங்கள். உடை மாற்றக் கூடுதலாக 6 நிமிடம் செலவானாலும் அது மொத்த நேரத்தில் ஒரு சதவீதம்கூட ஆகாது. மாறாக, சைக்கிளில் 120ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு சீட்டில் உட்கார முடியாமல் அடிக்கடி எழுந்து நின்று மிதிப்பவரும், மாரத்தான் முழுவதும் கால்களை அகட்டி வைத்து நடப்பவரும் இழப்பது மணிக்கணக்கான நேரம்.

வெற்றி மேடையில் நிற்பவர்கள் காலை முதல் முடிவு வரை ஒரே டிரை சூட்டில் இருப்பதைப் பார்த்து நாமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களுடைய நிலைமையே வேறு. அவர்கள் சைக்கிளில் பெரும்பாலும் ஐந்து மணி நேரம்கூட இருப்பதில்லை, நாம் ஏழு மணி நேரம் இருக்கிறோம். இன்னொன்றும் உண்டு. பெடலை எவ்வளவு பலமாக மிதிக்கிறோமோ அந்த அளவுக்கு உடல் எடையைக் கால்கள் தாங்கிக்கொள்ளும், சீட்டின் மீது விழும் பாரம் குறையும். நிதானமாக மிதிப்பவரின் எடையில் பெரும்பகுதி சீட்டில்தான் இறங்குகிறது. ஆகவே மெல்லிய பேட் (சீட்டில் படும் இடத்தில் தைத்த மெத்தை) வைத்த டிரை சூட் வேகமானவருக்குப் போதும் என்பதால் மெதுவானவருக்கும் போதும் என்று ஆகாது. உண்மையில் மெதுவாகப் போகிறவருக்குத்தான் நல்ல உடை அதிகம் தேவை.

உங்களுக்கு ஏன் புண்ணாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், தீர்வு தானாகவே புலப்படும். நனைந்த தோலுக்கும் துணிக்கும் இடையிலான உராய்வு, உலர்ந்த தோலில் இருப்பதைவிட அதிகம். தண்ணீர் வழுக்கும் என்று தோன்றினாலும் தோல் விஷயத்தில் அது நேர்மாறு. ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகித் துணியோடு ஒட்டிக்கொள்கிறது, ஒவ்வோர் அசைவிலும் இழுபடுகிறது. அதோடு உப்பு. வியர்வையின் நீர் ஆவியான பிறகு உப்புப் படிகங்கள் துணியிலேயே தங்கிவிடும். கடலில் நீந்தி எழுந்து அதே உடையில் சைக்கிள் ஏறினால் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும். நான்காவது மணி நேரத்தில் அந்தத் துணி உப்புத்தாள் போல ஆகிவிடுகிறது. ஈரம், உப்பு, திரும்பத் திரும்ப ஒரே அசைவு ஆகிய மூன்றில் எதைக் குறைத்தாலும் பலன் உண்டு. அசைவைக் குறைக்க முடியாது. ஈரத்தையும் உப்பையும் குறைக்கும் மிக எளிய வழி, உலர்ந்த சுத்தமான உடைக்கு மாறுவது. உடை மாற்றச் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம், பேட்டின் தடிமன் அதற்கு அடுத்ததுதான்.

உடை மாற்றவே விரும்பாதவர்கள் குறைந்தபட்சம் ஒன்றைச் செய்யலாம். மாற்றுமிடத்தில், அதாவது ஒரு கட்டம் முடிந்து அடுத்ததற்குத் தயாராகும் இடத்தில், உங்களுக்கான பையில் ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் வைத்திருந்து, கடலிலிருந்து வந்ததும் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஊற்றி உப்பைக் கழுவிவிட்டு, உரசல் தடுப்புக் களிம்பை மறுபடியும் தடவிக்கொண்டு கிளம்பலாம்.

இனி சைக்கிள் உடை. 180 கி.மீ.க்கு ஏற்றது பிப் ஷார்ட்ஸ், அதாவது தோள்பட்டை வழியாக வார் செல்லும் சைக்கிள் கால்சட்டை. இடுப்பில் இறுக்கும் எலாஸ்டிக் பட்டை இல்லாததால் குனிந்தே இருக்கும்போது வயிற்றை அழுத்தாது. பல மணி நேரம் சக்தி தரும் ஜெல்லும் இனிப்புப் பானமும் உள்ளே போய்க்கொண்டிருக்கும் வயிற்றுக்கு இது பெரிய நிம்மதி. பேட் எவ்வளவு தடிமன் என்பதைவிட, எங்கே தடிமன் என்று பாருங்கள். நிமிர்ந்து ஓட்டும்போது எடை இடுப்பின் உட்காரும் எலும்புகளில் விழுகிறது. ஏரோ பாரில், அதாவது முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்டுவதற்காக ஹேண்டில்பாரில் பொருத்தும் முன்நீட்டிய கம்பிகளில், கைகளை நீட்டிக் குனிந்ததும் இடுப்பு முன்னோக்கிச் சாய்ந்து, பாரம் முன்பக்கத்து மென்மையான பகுதிக்கு நகர்கிறது. சாதாரணச் சாலைச் சைக்கிளுக்கான பேட்டில் மெத்தென்ற பகுதி பின்னால் இருக்கும். ஏரோ நிலையில் அது எதையும் தாங்காமல் சும்மா இருக்கும். டிரையத்லானுக்கென்று செய்த பேட்டில் முன்பகுதியில் கவனம் செலுத்தியிருப்பார்கள். நீங்கள் ஏரோ பாரில் எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்பதை வைத்தே தேர்ந்தெடுங்கள்.

தடித்த பேட் எப்போதும் நல்லது என்பதும் சரியல்ல. மிருதுவான தடித்த ஃபோம் எலும்புக்குக் கீழே நசுங்கி, ஓரங்களில் பிதுங்கி, உள்தொடையை உரசும். அடர்த்தியான, சற்றே மெலிந்த பேட் பல சமயம் கூடுதல் வசதி தரும். அத்துடன், சீட்டே உங்கள் உடலுக்குப் பொருந்தவில்லை என்றால் எந்த உடையும் அதைச் சரிசெய்யாது. எப்போதும் ஒரே பக்கத்தில் மட்டும் புண் வருகிறது என்றால் சந்தேகம் முதலில் சீட்டின் உயரத்தின் மீதும் கோணத்தின் மீதும் விழ வேண்டும், துணியின் மீது அல்ல. சீட் அதிக உயரமாக இருந்தால் இடுப்பு இரு பக்கமும் ஆடும்; அந்த ஆட்டமே உரசலாகிறது.

பேட் வைத்த உடைக்குள் உள்ளாடை அணியவே கூடாது. ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் இது பொருந்தும். பேட் நேராகத் தோலின் மீது இருக்கும்படிதான் உருவாக்கப்படுகிறது. இடையில் ஓர் உள்ளாடை வந்தால் அதன் ஓரத் தையல், சரியாக எங்கே இருக்கக் கூடாதோ அங்கே அழுந்தும். பருத்தியாக இருந்துவிட்டால் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்தொடையிலும் தொடையிடுக்கிலும் தொடர்ந்து புண்ணாகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பாதிப்பேருக்குப் பிரச்சினை அந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

துணி வகை பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். காற்றிலுள்ள ஈரத்தைப் பருத்தி தன் எடையில் 7 முதல் 8 சதவீதம் வரை இழைக்குள் இழுத்து வைக்கும். நைலான் சுமார் 4 சதவீதம். பாலியஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவு. பருத்தி சுமையாகி ஒட்டிக்கொள்வதும் பாலியஸ்டர் சீக்கிரம் காய்வதும் இதனால்தான். டிரை சூட்டுகளும் சைக்கிள் கால்சட்டைகளும் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டரோடு எலாஸ்டேன் கலந்தவை. நாம் லைக்ரா என்று அழைக்கும் இழையும் அதுவே. 1958இல் டுபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது. துணி இழுபட்டுப் பழைய நிலைக்குத் திரும்புவது அந்த இழையால்தான். நீச்சல் குளத்துக் குளோரின் அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். எனவே போட்டிக்கு வைத்திருக்கும் சூட்டை வாரந்தோறும் குளத்துக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பின்பக்கத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். ஊடே தெரிந்தால் அதற்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. பின்னால் சைக்கிளில் வருகிறவருக்கும் அது தெரியும்.

கடையில் உடையை எப்படிப் பார்ப்பது? முதலில் உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். வெளிப்பக்கத்து நிறமும் எழுத்தும் உங்களைக் காயப்படுத்தப் போவதில்லை. தையல்கள் ஒவ்வொன்றின் மீதும் மணிக்கட்டின் உட்பக்கத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே போங்கள். விரல் நுனியின் தோல் தடித்தது, உறுத்தலை மணிக்கட்டின் மெல்லிய தோல் நன்றாகக் காட்டும். துணியோடு தட்டையாகப் படுத்திருக்கும் தையல் நல்லது. விளிம்பு எழும்பி நிற்கும் தையல் வேண்டாம். நின்று கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. கால்கள் பிரியும் இடத்தில் நான்கு துண்டுத் துணிகள் வந்து சேரும் முடிச்சு. பேட்டின் ஓரத்தைக் கால்சட்டையோடு இணைக்கும் தையல் உள்தொடையில் எங்கே விழுகிறது என்பது. அக்குளின் கீழே கையும் உடம்பும் சேரும் வளைவு. பின்கழுத்தில் அளவுச் சீட்டு தைத்திருந்தால் அதையும் பாருங்கள். வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் நரம்பு போன்ற விளிம்பு, அந்த அளவுச் சீட்டைவிட மோசமாகக் குத்தும். அளவைத் துணியிலேயே அச்சிட்டிருக்கும் உடை மேல்.

பிறகு போட்டுப் பாருங்கள். ஆனால் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று முடிவெடுக்காதீர்கள். டிரை சூட் குனிந்த உடலுக்காக வெட்டப்படுவது. நிமிர்ந்து நிற்கும்போது தோளில் சற்று இழுப்பதும், வயிற்றில் லேசாகச் சுருங்குவதும் இயல்பு. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முழங்கைகளைத் தொடை மீது ஊன்றி, ஏரோ பாரில் இருப்பதுபோலக் குனியுங்கள். அப்போது முதுகு முழுவதும் மடிப்பில்லாமல் படிய வேண்டும், கழுத்து நெரியக் கூடாது. உலர்ந்திருக்கும்போது சற்று அதிகம் இறுக்கமாகத் தோன்றும் அளவே சரி, ஏனென்றால் நனைந்ததும் துணி தளரும். தளர்ந்த துணி நகரும், நகரும் துணி உரசும். கால் முனையில் இருக்கும் சிலிக்கான் பட்டையையும் கவனியுங்கள். அது தொடையைப் பிதுக்கிக்கொண்டு நின்றால் அங்கேயே ஒரு புண் வளையம் உருவாகும். அகலமான, மென்மையான பட்டை போதும். குட்டையான கால்சட்டையைவிட, உள்தொடைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தைத் தாண்டிக் கீழே இறங்கும் நீளம் நல்லது. தொடைகள் உரசிக்கொள்ளும் உடல்வாகு உள்ளவர்களுக்கு, அதாவது நம்மில் மிகப் பலருக்கு, இந்த இரண்டு விரல் நீளமே மாரத்தானின் தலைவிதியைத் தீர்மானிக்கும்.

ஒற்றைத் துண்டு டிரை சூட்டா, மேலாடை கீழாடை என இரண்டு துண்டா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. ஒற்றைத் துண்டு காற்றை நன்றாகக் கிழிக்கும், இடுப்பில் பட்டை இல்லை, மேலே ஏறிக்கொள்ளாது. ஆனால் 14 மணி நேரத்தில் கழிப்பறைக்குப் போகாமல் இருக்க முடியாது. வியர்வையில் ஒட்டிய ஒற்றைத் துண்டைக் குறுகிய தற்காலிகக் கழிப்பறைக்குள் தோளிலிருந்து உரித்து இறக்கி, மறுபடியும் ஏற்றுவது பெண்களுக்குப் பெரும் தொல்லை. வயிறு சரியில்லாத நாளில் எல்லோருக்கும் தொல்லை. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உடை அப்படி ஒரு முடிவை எடுக்க வைக்கிறது என்றால் அந்த உடை தவறு. இரண்டு துண்டு, அல்லது முன்புறம் முழுவதும் திறந்து மேல்பாதி ஜெர்சி போலத் தனியாகப் பறக்கும் வகை, நீண்ட போட்டிக்கு வசதியானது. இரண்டு துண்டு எடுத்தால் குனியும்போது மேலாடை ஏறி இடுப்புக்கு மேலே ஒரு பட்டை அளவுக்கு முதுகு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். ஏழு மணி நேர வெயில் அந்த இடத்தைப் பொசுக்கிவிடும்.

பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிரா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் காயப்படுத்துவதும் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டை நீச்சலில் நனைந்த பிறகு, தடித்த துணியாக இருந்தால் மதியம் வரை காயாது. டிரை சூட்டுக்குள்ளேயே தைத்து வரும் பிரா பலருக்கு ஓட்டத்தின் அதிர்வுக்குப் போதுமானதாக இருப்பதில்லை. ஓட்டத்துக்கு உங்களுக்கு எது பிடிக்குமோ அதையே தேர்ந்தெடுத்து, அதை நனைத்து, நனைந்தபடியே இரண்டு மணி நேரம் ஓடிப் பாருங்கள். முதுகில் கொக்கி உள்ள வகை மாற்றுவதற்கு எளிது. ஆனால் நீச்சலில் அணியும் நியோபிரீன் ரப்பர் உடையான வெட்சூட்டின் முதுகு ஜிப்புக்குக் கீழே அந்தக் கொக்கி அழுந்துகிறதா என்று சரிபார்க்க வேண்டும். தலைவழியாகப் போடும் இறுக்கமான பிராவை ஈர உடலில் ஏற்றுவது ஒரு மல்யுத்தம். மாற்றுவதாக இருந்தால் முன்புறம் ஜிப் உள்ளது கைகொடுக்கும்.

ஈர உடலில் உடை ஏற்றுவதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், உடை மாற்றும் திட்டம் பாழாவது இங்கேதான். நீச்சலிலிருந்து வந்து, உடை மாற்றும் கூடாரத்துக்குள், மூச்சு வாங்கிக்கொண்டு, இறுக்கமான ஜெர்சியைத் தலைவழியாக இறக்குகிறீர்கள். முன்பக்கம் இறங்கிவிடும். முதுகுப்பக்கம் மட்டும் தோள்பட்டைக்குக் கீழே சுருண்டு, ஈரத்தில் இறுகி நின்றுவிடும். கை எட்டாது. இழுக்க இழுக்க இன்னும் இறுகும். பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவரிடம் உதவி கேட்டுத்தான் இறக்க வேண்டியிருக்கும். இதைத் தவிர்க்க முழு நீள ஜிப் உள்ள ஜெர்சியைத் தேர்ந்தெடுங்கள். சட்டை போல இரு கைகளையும் நுழைத்து முன்னால் மூடிவிடலாம். ஜிப்பின் பிடியில் ஒரு சிறு நாடாவைக் கட்டி வையுங்கள், குளிர்ந்த விரல்களால் பிடிப்பதற்கு. பையில் ஒரு மெல்லிய துண்டு இருக்கட்டும். பாதத்தையும் முதுகையும் துடைத்த பிறகே எதையும் போடுங்கள். உடைகளைப் பையில் எந்த வரிசையில் அணிவீர்களோ அந்த வரிசையில் மேலிருந்து கீழாக வையுங்கள். சாக்ஸை விரல் முனை வரை சுருட்டி, உள்ளே சிறிது பவுடர் தூவி வைத்தால் பாதத்தில் ஏற்ற சில நொடிகளே ஆகும்.

சில போட்டிகளில் உடை மாற்றக் கூடாரம் இருக்காது, மாற்றுமிடத்தில் ஆடை களைவதும் தடை. நெடுந்தொலைவுப் போட்டிகளில் பெரும்பாலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடாரங்கள் இருக்கும். ஆனாலும் உங்கள் போட்டியின் விதிப் புத்தகத்தில் இதைப் படித்து உறுதி செய்துகொண்டு திட்டமிடுங்கள். மேலாடையில்லாமல் சைக்கிள் ஓட்டவும் ஓடவும் அனுமதி கிடையாது. முன் ஜிப்பை எவ்வளவு இறக்கலாம் என்பது போட்டிக்குப் போட்டி மாறும்.

வெட்சூட் விஷயத்தில் வசதியை வெப்பநிலையே தீர்மானிக்கும். அயர்ன்மேன் என்ற பெயரில் நடக்கும் நெடுந்தொலைவுப் போட்டிகளில் வயதுப் பிரிவினர், அதாவது தொழில்முறை அல்லாதவர்கள், நீரின் வெப்பநிலை 24.5 டிகிரி செல்சியஸ் வரை வெட்சூட் அணியலாம். அதற்கு மேல் 28.8 டிகிரி வரை அணிந்தால் பரிசுக்குத் தகுதி இல்லை. அதையும் தாண்டினால் தடை. நியோபிரீனின் தடிமன் 5 மி.மீ.க்கு மிகக் கூடாது. உங்கள் போட்டி இந்த எல்லைக்கு அருகில் இருந்தால் இரண்டு திட்டங்களும் தயாராக இருக்கட்டும். வெட்சூட்டுக்குள் அணியும் உடையும் வெட்சூட் இல்லாமல் நீந்தும் உடையும் ஒன்றாகவே இருக்கும்படி வைத்துக்கொள்வது மனத்துக்கு அமைதி. வெட்சூட் இல்லாத நீச்சலில் கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் உறைகளையும் அணிய முடியாத போட்டிகள் உண்டு.

வெட்சூட் உரசும் இடம் கழுத்து. மூச்செடுக்கத் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பின்கழுத்து விளிம்பு தோலை ராவும். 3.8 கி.மீ.யில் அப்படி ஆயிரம் தடவைக்கு மேல் திரும்புகிறோம். கழுத்தைச் சுற்றிக் களிம்பைத் தாராளமாகத் தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லியைப் பல வெட்சூட் தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்கிறார்கள். சிலிக்கான் அடிப்படையிலான உரசல் தடுப்புக் களிம்பு எடுத்துக்கொள்ளுங்கள். தடவிய கையோடு நீச்சல் கண்ணாடியைத் தொட்டுவிடாதீர்கள், பிறகு நீச்சல் முடியும் வரை எல்லாம் மங்கலாகவே தெரியும். களிம்பு சில மணி நேரத்தில் கரைந்துவிடும் என்பதால் சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் உரிய பைகளில் சிறு குப்பி ஒவ்வொன்று வைக்க வேண்டும். ஆண்கள் முலைக்காம்புகளை மறக்கக் கூடாது. ஓட்டச் சட்டை நனைந்து தளர்ந்தால் அங்கே இரத்தம் கசியும். நீர் புகாத பிளாஸ்டரைக் காலையிலேயே, களிம்பு படுவதற்கு முன்னால், உலர்ந்த தோலில் ஒட்டினால்தான் நிற்கும். நேரம் கணக்கிடும் சிப்பின் கணுக்கால் பட்டையின் கீழும் கொஞ்சம் தடவுங்கள், நாள் முழுவதும் அது அங்கேயே இருக்கப்போகிறது.

வெயில் அதிகமுள்ள போட்டிக்குக் கையில்லாத உடை குளுமையாக இருக்கும் என்ற எண்ணம் இயல்பானது, ஆனால் பெரும்பாலும் தவறானது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடலிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறுகிறது. சொட்டிக் கீழே விழும் வியர்வை எந்த வெப்பத்தையும் எடுத்துச் செல்வதில்லை. மெல்லிய, வெளிர்நிறக் கைத்துணி வியர்வையைப் பரப்பிப் பிடித்து ஆவியாக விடுகிறது. உதவி மையங்களில் கிடைக்கும் தண்ணீரை அதன் மீது ஊற்றிக்கொண்டால் வெறும் தோலைவிட அதிக நேரம் குளுமை நிற்கும். வெயில் எரிச்சலும் இல்லை. துணியில் யுபிஎஃப் 50 என்று போட்டிருந்தால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே போகும் என்று பொருள். பல துணிகளில் இழுபட்டாலும் நனைந்தாலும் இந்தத் தடுப்பு குறையும் என்பதால் அளவில் சிறியதை வாங்கி விறைக்க விறைக்க அணியாதீர்கள். முழு வெள்ளைத் துணி நனைந்தால் ஊடே தெரியும், அதனால் மேலே வெளிர்நிறமும் கீழே அடர்நிறமும் நல்ல சேர்க்கை.

குளிர் வேறு விதமான எதிரி. அதிகாலை நீச்சலிலிருந்து நனைந்த உடலோடு சைக்கிளில் ஏறி, காற்றில் போகும்போது உடல் சட்டென்று சூட்டை இழக்கும். மலை இறக்கங்கள் இருந்தால் நடுக்கத்தில் பிரேக் பிடிப்பதே சிரமமாகிவிடும். கழற்றி ஜெர்சிப் பையில் சுருட்டி வைக்கக்கூடிய கைகளை மூடும் துணிக் குழாய்களும் காற்றுத் தடுப்பு மேல்சட்டையும் இதற்குப் போதும். சூரியன் இறங்கிய பிறகும் நீங்கள் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்றால், நீங்கள் முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்து ஓட்டத்தின் நடுவில் கிடைக்கும் தனித்தேவைப் பையில் ஓர் உலர்ந்த முழுக்கைச் சட்டை வையுங்கள். நடையாக மாறியதும் உடல் வெப்பம் குறைந்துவிடும், அந்த நேரத்தில் ஈரச் சட்டை உடலை வாட்டும்.

ஓட்ட உடைக்கு வழக்கமாக நீண்ட தூரம் ஓட எதைப் போடுகிறீர்களோ அதுவே போதும், புதிதாக எதையும் தேடாதீர்கள். பேட் உள்ள கால்சட்டையோடு ஓட வேண்டாம். நனைந்த ஃபோம் கால்களுக்கு நடுவே கனத்து ஆடும். டிரை சூட்டின் பேட் மெல்லியதாக இருப்பதே இதைத் தவிர்க்கத்தான். உள்தொடை உங்களுடைய தொல்லை என்பதால், தொடையை ஒட்டிய நீளமான இறுக்கக் கால்சட்டையைப் பரிந்துரைக்கிறேன். தளர்வானதை விரும்பினால் அதை மேலே போட்டுக்கொள்ளலாம். கூட்டத்தில் பாதிப்பேர் ஓட்டத்தின் பின்பாதியில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஓடுவார்கள், அந்தத் தண்ணீர் வழிந்து சேரும் இடம் தொடையிடுக்கும் காலணியும். முடிந்தவரை தலையைக் குனிந்து ஊற்றுங்கள். அப்படியும் சாக்ஸ் நனையும் என்பதால் மெல்லிய செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளிச் சாக்ஸ் அணிந்து, தனித்தேவைப் பையில் இன்னொரு ஜோடியும் வையுங்கள். பாதம் வீங்கும், காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும்.

எதையும் அரைமணி நேரம் போட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. உரசல் புண் பல சமயம் முதல் இரண்டு மணி நேரத்தில் வெளியே தெரிவதில்லை. போட்டிக்கு ஒன்றரை மாதம் முன்னால் ஒரு நீண்ட பயிற்சி நாளை ஒதுக்குங்கள். போட்டி உடையில் நீந்தி, திட்டமிட்டபடியே மாற்றி, ஐந்து மணி நேரமாவது சைக்கிள் ஓட்டி, மறுபடியும் மாற்றி, ஒரு மணி நேரம் ஓடுங்கள். போட்டியில் எடுத்துச் செல்லப்போகும் ஜெல்களும் பைகளில் இருக்கட்டும். காலிப் பையோடு அருமையாக இருக்கும் ஜெர்சி, நிறைந்த பையோடு பின்பக்கம் தொங்கிக் கழுத்தை அறுக்கலாம். முடிந்ததும் குளிக்கப் போங்கள். தண்ணீர் பட்டதும் எங்கெல்லாம் எரிகிறதோ அந்த இடங்களைக் குறித்து வையுங்கள். போட்டி நாளில் களிம்பு தடவ வேண்டிய இடங்களின் பட்டியல் அதுதான், வேறு யாருடைய பட்டியலும் உங்களுக்குப் பொருந்தாது. மாற்றம் செய்ய இன்னும் அவகாசம் இருக்கும், புண்ணும் ஆறிவிடும்.

துவைக்கும்போது துணி மென்மையூட்டி சேர்க்காதீர்கள். அது இழைகளின் மீது படிந்து ஈரத்தை வெளியேற்றும் தன்மையைக் கெடுக்கும். குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் காயவைத்தால் எலாஸ்டேன் நீண்ட நாள் உழைக்கும். பேட் முழுவதும் காயாத கால்சட்டையை மறுநாள் அணிவது தோல் கொப்புளத்துக்கு அழைப்பு. அதேபோல், தொடையிடுக்கில் மயிர் மழிக்கும் பழக்கம் இருந்தால் போட்டிக்கு முந்தைய நாள் செய்யாதீர்கள். புதிதாக மழித்த தோலில் வியர்வையும் அழுத்தமும் சேர்ந்தால் மயிர்க்கால்கள் சீழ்பிடிக்கும். போட்டிக்கு முன்னதாகவே அங்கே கட்டி இருந்து வலித்தால், அதைக் களிம்பால் மறைத்துச் சமாளிக்கப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முடிவுக் கோட்டுக்குப் பிறகான உடையையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அந்த நேரத்தில் கையைத் தலைக்கு மேலே தூக்கவே மனம் வராது. முன்னால் பொத்தான் உள்ள தளர்வான சட்டை, இடுப்பில் நாடா வைத்த பெரிய கால்சட்டை, வார் இறுக்கக்கூடிய செருப்பு, குளிர் இருந்தால் ஒரு கம்பளி. ஈரமான போட்டி உடையை உடனே கழற்றிவிட்டு இவற்றுக்கு மாறுங்கள். புண்ணான இடங்களை வெதுவெதுப்பான நீரில் சோப்பின்றிக் கழுவி, ஒற்றித் துடைத்து, காற்றுப்பட விடுங்கள்.